பர்கரா, தட்டுவடை செட்டா? சேலத்திலிருந்து ஒரு அலசல்

சேலத்தில் சாயங்காலம் பசித்தால் இரண்டு வழி. ஏசி போட்ட கடையில் பர்கர், இல்லாவிட்டால் ரோட்டோர வண்டியில் தட்டுவடை செட். உருவத்தில் இரண்டும் ஒன்றுதான்: கீழே ஒரு வட்டம், மேலே ஒரு வட்டம், நடுவில் சமாச்சாரம். ஒன்று உலகத்தையே வளைத்துவிட்டது, இன்னொன்று சேலத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஏன்?

பர்கரின் பலம் அந்த பன். சாஸை உறிஞ்சிக்கொண்டு, அரை மணி நேரம் பொட்டலத்தில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது. தட்டும் ஸ்பூனும் வேண்டாம், ஒரு கை போதும். அமெரிக்காவில் 1921-இல் விச்சிட்டா ஊரில் ‘வைட் கேஸில்’ என்ற கடை பர்கரை 5 சென்டுக்கு விற்க ஆரம்பித்ததும், 1948-இல் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் மெனுவைச் சுருக்கி, பரிமாறும் ஆட்களையும் எடுத்துவிட்டு 15 சென்டுக்குக் கொடுத்ததும் இந்தப் பொறுமைசாலி பன்னை நம்பித்தான். 1996-இல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சியையே விட்டுவிட்டார்கள். அப்புறம் உருளைக்கிழங்கு டிக்கியை உள்ளே வைத்தார்கள், பன் அதற்கும் ஒத்துக்கொண்டது.

தட்டுவடைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரிசி மாவில் தட்டி மொறுமொறுவென்று பொரித்தது, சட்னி பட்ட நிமிடத்திலிருந்தே நமத்துப்போக ஆரம்பிக்கும். ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அழுத்தி நீட்டுவார்கள், அதை வாங்கிக்கொண்டு போன் பேசப் போனீர்கள் என்றால் போச்சு. உலகம் சுற்ற முடியாததற்குக் காரணமும் அதுதான், அவ்வளவு ருசிக்கும் காரணமும் அதுதான்.

கடிக்கிற விஷயத்தில் செட் எங்கேயோ போய்விடுகிறது. பெரிய பர்கரை முன்னால் கடித்தால் பின்னால் தக்காளி வழுக்கிச் சட்டையில் விழும். செட்டை முழுசாக வாயில் போட்டுக்கொள்ளலாம், மொறுமொறுப்பும் காரமும் பீட்ரூட்டின் இனிப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கும். "அண்ணா, காரம் கொஞ்சம் தூக்கலா" என்றால் அடுத்த செட்டே தூக்கலாக வரும். தட்டுவடை உடைந்தாலும் கவலையில்லை, நொறுக்கி சட்னியும் காய்கறியும் போட்டுக் கிளறினால் நொறுக்கல். உடைந்த பர்கரை யார் வாங்குவார்கள்?

சரி, பர்கர் ஜெயிக்கிற இடமும் உண்டு. வயிறு நிறையும். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கையில் பிடித்துத் தின்னலாம்; அங்கே செட்டைப் பிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டிக்குத்தான் சட்னி. மலைக்குப் போகிற நாளில் என் ஓட்டு பர்கருக்கு.

மற்ற நாளெல்லாம் செட்தான். வெளியூர் ஆட்கள் எடுத்த எடுப்பில் முட்டை செட்டுக்குப் போகாமல் சாதா செட்டில் ஆரம்பியுங்கள், வண்டிப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள், பார்சல் என்றால் சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.