டிரெஸ்டன் "ஒரே டிக்கெட்டில் எல்லாம்": வாங்கிவிடாதீர்கள், 316 யூரோ போச்சு

316 யூரோ. நாலு பேருக்கு, தலைக்கு 79. பதிலுக்குக் கையில் வந்தது ஒரு பிடிஎஃப், ஒரு ஆடியோ லிங்க். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட் தேடும்போது இந்த மாதிரித் தளங்கள்தான் விளம்பரமாக முதலில் வந்து நிற்கின்றன.

பெயரைப் போடவில்லை, வங்கியில் புகார் நிலுவையில் இருக்கிறது. வகையைச் சொல்கிறேன். பல ஊர்களின் அருங்காட்சியக டிக்கெட்டுகளையும் சுற்றுலாக்களையும் இடையில் நின்று விற்கும் முன்பதிவுத் தளம். ஊர்ப் பெயரை வைத்தே முகவரி, அரண்மனைப் படம், மேலே நாலரை நட்சத்திரம், பக்கத்தில் "இன்னும் மூன்றே இடங்கள்" என்று சிவப்பு எழுத்து. பார்த்தால் ஏதோ நகராட்சித் தளம் போலவே இருக்கும்.

விற்ற சரக்கு இதுதான்: கிரீன் வால்ட் (அரண்மனைக் கருவூலக் காட்சிக்கூடம்) வரிசையில்லா நுழைவு, ஃப்ராவன்கிர்ஷே தேவாலயம், ட்ஸ்விங்கர் அரண்மனை, செம்பர் ஓப்பரா, இளவரசர்கள் ஊர்வலச் சுவர், எல்பே நதியில் நீராவிப் படகு. எல்லாம் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில்.

டிரெஸ்டன் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் கிரீன் வால்ட் ஒன்றுதான் முன்பதிவுக்குத் தவிக்க வேண்டிய இடம் என்று தெரியும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரெஸ்டன் அரண்மனைக்குள் (இது ட்ஸ்விங்கர் அல்ல, வேறு) கிரீன் வால்ட் இரண்டு. பழையது, அதாவது 'ஹிஸ்டோரிஷஸ்', கீழ்த்தளத்தில் இருக்கிறது. சாக்சனியை ஆண்ட பலமுள்ள அகஸ்டஸ் 1723-இலிருந்து 1729 வரை அமைத்த கருவூல அறைகள், போருக்குப் பின் மீட்டெடுத்து 2006-இல் திறந்தவை. கண்ணாடிப் பெட்டி இல்லாமல், சுவர் முழுக்க நிலைக்கண்ணாடிகளுக்கு முன்னால் பொருட்களை அப்படியே திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தூசி, ஈரப்பதம், பாதுகாப்பு எல்லாம் பார்த்து, நேரம் குறித்த டிக்கெட்டில் சிலர் சிலராக உள்ளே விடுகிறார்கள். நுழைய ஒரு தூசித் தடுப்பு அறை, பை வைக்கத் தனி இடம், உள்ளே படம் எடுக்கக் கூடாது. 2019 நவம்பர் 25 அதிகாலையில் திருட்டு நடந்தது இங்கேதான். மேல்தளத்தில் இருக்கிற 'நொயஸ்', புதிய கிரீன் வால்ட், சாதாரணக் காட்சிக்கூடம். கண்ணாடிப் பெட்டிகள், நேரக் கட்டுப்பாடு இல்லை, அரண்மனையின் பொது டிக்கெட்டிலேயே சேர்த்தி. அந்தப் பொது டிக்கெட்டில் பழையது சேராது.

இப்போது விற்றவன் செய்ததைப் பாருங்கள். விளம்பரப் படம் பழைய கிரீன் வால்ட்டின் கண்ணாடி அறை. எழுத்தில் வெறும் "கிரீன் வால்ட்". அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் அந்தத் தேதிக்குப் பழையதற்கு எல்லா நேரமும் விற்றுத் தீர்ந்திருந்தது. இவன் தளத்தில் மட்டும் 11:15, 11:45, 12:30 என்று பச்சை பச்சையாகத் திறந்து கிடந்தது. சுற்றுலா நடத்துகிறவர்கள் குழுவுக்கென்று முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான் என்பதால் அது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது.

நம்ப வைத்தது சாட். கேள்வி நேராகத்தான் கேட்கப்பட்டது: "இது பழையதா, புதியதா? நேரம் குறித்த நுழைவா?" ஒரு நிமிடத்துக்குள் பதில், ஒரு பெண் பெயரில், சிரிக்கும் படத்தோடு: "ஆமாம், பழைய கிரீன் வால்ட், 11:45, நால்வருக்கும் உறுதி. வவுச்சரைக் காட்டினால் போதும்." பழைய கிரீன் வால்ட் என்று அவர்களே தட்டச்சு செய்த வரி அது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்க முடியும்? பணம் கட்டும்போது ஓடிபி கூடக் கேட்கவில்லை. வெளிநாட்டு வியாபாரிகளிடம் இந்திய கார்டு போட்டால் பல நேரம் இப்படித்தான், எண்ணும் சிவிவியும் போதும், பணம் பறந்துவிடும். 316 யூரோ, ரூபாயில் முப்பதாயிரத்துக்கு மேல், கார்டுக்காரர்களின் மாற்றுக் கட்டணம் தனி.

வந்த பிடிஎஃப்-இல் ஒரு கியூஆர் இருந்தது. அரண்மனைக் கவுண்டரில் வைத்தால் இயந்திரம் சிவப்புக் காட்டியது. அங்கிருந்த அம்மாள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார், இது எங்கள் டிக்கெட் இல்லை, எங்கள் குறியீடும் இல்லை, இன்றைக்குப் பழையதற்கு இடமே கிடையாது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை, இந்த மாதிரித் தாள் அவருக்குப் பழகிப்போனது என்று முகத்திலேயே தெரிந்தது.

அடியில் பொடி எழுத்தில் "கூட்டாளி மையத்தில் வவுச்சரை மாற்றிக்கொள்ளவும்". மையத்துக்குப் போகும் வழி என்று போட்டிருந்ததைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை: புது நகரிலிருந்து டிராமில் கரோலா பாலத்தைக் கடந்து வரவும். கரோலா பாலத்தின் ஒரு பகுதி, அதுவும் டிராம் தண்டவாளம் போட்ட பகுதி, 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் ஆற்றில் விழுந்தது. ஜெர்மனி முழுக்கச் செய்தி. மிச்சத்தையும் இடித்தாயிற்று. இல்லாத பாலத்தின் மேல் டிராம் ஓட்டுகிறவனுக்கு டிரெஸ்டனில் அலுவலகம் இருக்குமா? மைய முகவரியில் இருந்தது ஒரு நினைவுப்பொருள் கடை. அவர்களுக்கு எதுவும் தெரியாது, பாவம்.

மற்ற உருப்படிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் வயிறு எரிகிறது.

ஃப்ராவன்கிர்ஷே: கீழ்த்தளம் எல்லோருக்கும் இலவசம், வாசலில் காணிக்கைப் பெட்டி உண்டு. 1945 பிப்ரவரி 15 அன்று இடிந்து, 2005 அக்டோபர் 30 அன்று மறுபடி அர்ப்பணிக்கப்பட்ட தேவாலயம், பார்க்க வேண்டியதுதான். காசு கேட்பது கோபுர உச்சிக்கு ஏறுவதற்குத்தான், அது வேறு வாசல், வேறு டிக்கெட். இவன் தந்தது எது என்று நினைக்கிறீர்கள்? இலவசமான கீழ்த்தளம். அதுவும் பகல் 12 மணிக்கு என்று போட்டிருந்தான். வார நாட்களில் 12 மணிக்கு அங்கே ஆர்கன் பிரார்த்தனை. உட்கார்ந்து கேட்கலாம், சுற்றிப் பார்க்க முடியாது. 11:45-க்குக் கருவூலத்தில் நுழைகிறவர் 12-க்குத் தேவாலயத்தில் எப்படி நிற்பார் என்பது தனிக் கேள்வி.

ட்ஸ்விங்கர்: முற்றத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். டிக்கெட் வேண்டியது உள்ளே இருக்கும் காட்சிக்கூடங்களுக்கு, ரஃபேலின் சிஸ்டைன் மடோனா இருக்கும் ஓவியக்கூடத்துக்கு. வவுச்சரில் "ட்ஸ்விங்கர் வளாகம்" என்று மட்டும் இருந்தது. வளாகம் என்றால் முற்றம்.

இளவரசர்கள் ஊர்வலம்: தெருவில் இருக்கிற சுவர். 102 மீட்டர் நீளம், மைசன் பீங்கான் ஓடுகள், 1904-இலிருந்து 1907-க்குள் பதித்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் பார்க்கலாம். பொதுத் தெருச் சுவரையும் டிக்கெட்டில் சேர்த்து விற்கிற துணிச்சலை என்ன சொல்ல.

செம்பர் ஓப்பரா: "வெளிப்புறப் பார்வை". அதாவது சதுக்கத்தில் நின்று கட்டடத்தைப் பார்ப்பது. உள்ளே போக வேண்டுமென்றால் ஓப்பராவின் வழிகாட்டிச் சுற்று தனியாக உண்டு, ஒத்திகை இருக்கும் நேரங்களில் நடக்காது, அட்டவணையை அவர்கள் தளத்திலேயே பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நீராவிப் படகு: "இருப்பைப் பொறுத்து". கோடையில் எல்பேயில் தண்ணீர் இறங்கினால் அசல் படகு நிறுவனமே பயணத்தைக் குறைக்கும், அது இயற்கை. இவன் கியூஆரைப் படகுத்துறையில் காட்டினால் அதே சிவப்பு விளக்கு.

இன்னொன்று. நால்வரில் ஒருத்திக்கு வயது 15. டிரெஸ்டன் அரசுக் கலைக்கூடங்களில் 17 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். அவளுக்கும் 79 யூரோ பிடுங்கியிருக்கிறான்.

ஆக 316 யூரோவுக்குக் கிடைத்தது இலவசமாகப் பார்க்கக்கூடிய நாலு இடங்களின் பட்டியல். பழைய கிரீன் வால்ட் கிடைக்காமல், கவுண்டரில் சொந்தக் காசில் அரண்மனைப் பொது டிக்கெட் வாங்கிப் புதியதைப் பார்த்ததுதான் மிச்சம், அது இந்த 316-இல் சேராது. (புதியதை யாரும் குறைத்து எடை போட வேண்டாம். அகஸ்டஸின் பொற்கொல்லர் டிங்லிங்கர் 1701-இலிருந்து 1708 வரை செய்த ஔரங்கசீப்பின் டில்லி தர்பார் அங்கேதான் இருக்கிறது, யானை, பல்லக்கு, பரிசு சுமக்கும் ஆட்கள் என்று விரல் அளவு உருவங்கள், பொன்னும் வைரமும். 41 காரட் பச்சை வைரமும் அங்கேதான். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த தர்பார் ஒன்றே போதும்.)

அடுத்தது கைகழுவல் படலம். முதல் மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில். இரண்டாவதற்கு, "நாங்கள் வெறும் தளம், சேவை தருகிறவரைத் தொடர்புகொள்ளுங்கள்". அந்தச் சேவைக்காரர் எண் அடித்தால் ஜெர்மனில் ஒரு பதிவுக்குரல், எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதற்கு, அடுத்த முன்பதிவில் 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன்! 316 யூரோவைத் தின்றுவிட்டு மறுபடி வா என்கிறான். சாட்டில் சிரித்த அந்தப் பெண்மணி அன்றைக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

நாலாவது பதில் சட்டம் பேசியது. தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது, ஆகவே ரீஃபண்ட் இல்லை. இதில் பாதி உண்மை, அதனால்தான் பலர் இங்கே வாயடைத்துப் போகிறார்கள். ஜெர்மன் சிவில் சட்டம் 312ஜி பிரிவு அந்த விலக்கைத் தருவது உண்மை. ஆனால் அது வாங்கியவர் மனம் மாறி ரத்து செய்யும் உரிமையைப் பற்றியது. விற்றவன் சொன்ன பொருளைத் தரவே இல்லை என்பது வேறு வழக்கு, தராத சரக்குக்குக் காசு வைத்துக்கொள்ள அந்தப் பிரிவு உதவாது. இதை எழுதி அனுப்பியதும் கடைசிப் பதில்: ஐரோப்பிய ஆணையத்தின் இணையவழித் தகராறு தீர்வுத் தளத்தில் முறையிடுங்கள் என்று ஒரு லிங்க். அந்தத் தளத்தை 2025 ஜூலை 20-ஆம் தேதியே மூடியாயிற்று. மூடிய கதவைக் காட்டி அங்கே போய்த் தட்டு என்கிறான்.

பக்கத்தின் அடியில் 'இம்ப்ரெசும்' இருந்தது, அதாவது ஜெர்மனியில் வியாபாரத் தளம் நடத்துகிறவன் கட்டாயம் போட வேண்டிய விவரம். நிறுவனப் பெயர், தெரு முகவரி, மின்னஞ்சல், நிறுவனமாகப் பதிந்திருந்தால் பதிவு எண். இதில் இருந்தது ஒரு தொடர்புப் படிவம் மட்டும். நாட்காட்டியைத் தட்டிப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைக்கும் 11:45 பச்சையாகத் திறக்கிறது. டிரெஸ்டன் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. ட்ஸ்விங்கர் ஓவியக்கூடத்துக்குத் திங்கள். எந்த நாளைத் தொட்டாலும் இடம் இருக்கிறது என்றால் அவன் கையில் எந்த இடமும் இல்லை. காசை முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் கிடைக்கிறதா என்று பார்க்கிற வேலை இது. கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது வவுச்சர்.

எப்படித் திட்டமிடுவது, எந்த வரிசையில் பார்ப்பது என்றெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில:

பழைய கிரீன் வால்ட் டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், டிக்கெட்டில் 'ஹிஸ்டோரிஷஸ்' என்ற சொல்லும் நேரமும் இருக்கிறதா பாருங்கள். தீர்ந்துவிட்டது என்றால் தேதியை மாற்றுங்கள், இல்லை காலையிலேயே கவுண்டரில் மிச்சம் உண்டா என்று கேளுங்கள். வேறு தளத்தில் கிடைக்கிறது என்றால் செவ்வாய்க்கிழமையைத் தொட்டுப் பாருங்கள், திறந்தால் மூடிவிடுங்கள்.

ஏமாந்தாயிற்று என்றால் சாட்டை உடனே படம் பிடியுங்கள், முடித்ததும் அது மறைந்துவிடுகிறது. கார்டு வங்கியிடம் "சேவை வழங்கப்படவில்லை" என்ற காரணத்தில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேளுங்கள், "மோசடிப் பரிவர்த்தனை" என்று சொன்னால் நீங்களே கட்டியதுதானே என்று திருப்பிவிடுவார்கள். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் கெடு, வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். தளத்துக்கு எழுதியதும் அவர்கள் மறுத்ததும் இரண்டும் எழுத்தில் வேண்டும். சாக்சனி மாநிலப் போலீசுக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 'ஒன்லைன்வாஹே' என்று தேடுங்கள். பணம் வருமோ வராதோ, அந்தப் புகார் எண்ணை வங்கிக்கான மனுவோடு இணைக்கலாம்.

டிரெஸ்டனில் கார்டு தேய்க்கும்போதோ ஏடிஎம்மிலோ ரூபாயா யூரோவா என்று திரை கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். டிராம் இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டில் முத்திரை குத்தச் சொல்லியிருந்தால் ஏறியதும் குத்துங்கள், இல்லையென்றால் 60 யூரோ அபராதம், அது மட்டும் அசல்.