மணிக்கட்டா, மோட்டாரா?

சாட்டிலைட் போகும் பக்கமெல்லாம் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டரை வாங்க ஒன்றரை வருடம் காசு சேர்த்தவன் நான். கடைசியில் வாங்கவில்லை. பிவிசி குழாய், எஃகு இன்ச் டேப், கொஞ்சம் அலுமினியக் கம்பி வாங்கி, கையில் பிடிக்கிற யாகி (ஒரு திசையை நோக்கிக் காட்டும் கம்பி ஆன்டெனா) ஒன்றைச் செய்துகொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். சாட்டிலைட் பிடிக்க எது நல்லது என்று புது ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) கேட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பதில் சொல்வேன். ரொட்டேட்டரை நண்பர் வீட்டில் ஏழெட்டு பாஸ்களுக்குத்தான் ஓட்டியிருக்கிறேன் (சாட்டிலைட் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பது ஒரு பாஸ்). கை யாகியோடு இரண்டு வருடம் ஓடிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விலையைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திருப்பும் யாசு ஜி-5500, அதைக் கணினியோடு சேர்க்கும் பெட்டி, கம்பம், கேபிள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பைக் வாங்கும் காசு. என் யாகி ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. டேப்பின் பெயின்டைச் சுரண்டி ஈயம் வைத்ததுதான் பெரிய வேலை. எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் மாடியிலேயே கிடக்கும் போல்ட் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என் யாகி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். என்னை முடிவெடுக்க வைத்தது மணிக்கட்டு.

ரேடியோ அலை படுத்து அதிர்கிறதா, நின்று அதிர்கிறதா என்று ஒரு கிடை உண்டு, அதைத்தான் முனைவாக்கம் என்பார்கள். யாகியின் கம்பிகள் அந்தக் கிடையோடு ஒத்துப்போனால் சிக்னல் முழுசாக வரும். சரியாகக் குறுக்கே நின்றால் 20 டெசிபெல் வரை விழும், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தரையில் இருக்கும் ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இது பிரச்சினையே இல்லை, ஒருமுறை சரிசெய்தால் போதும். சாட்டிலைட் அப்படி நிற்காது. அது உருள்கிறது, நாம் அதைப் பார்க்கும் கோணம் மாறுகிறது, போதாததற்கு அயனி மண்டலம் வேறு அலையை முறுக்கிவிடுகிறது. பத்து நிமிட பாஸில் கிடை பல தடவை மாறிவிடும்.

ஹாம்களுக்கான ரிப்பீட்டரைச் சுமக்கும் ஐஓ-86 சாட்டிலைட்டின் பாஸ் ஒன்றில் இதைக் காதாலேயே கேட்டேன். இந்தோனேசிய நிலையம் ஒன்று தன் அழைப்புக் குறியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் குரல் இரைச்சலுக்குள் அமுங்கிவிட்டது. யாகியின் திசையை அசைக்காமல், கதவுக் கைப்பிடியைத் திருகுவதுபோல் மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பினேன். குரல் அப்படியே மேலே ஏறி வந்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அமுங்கியது, மறுபடி திருப்பினேன். இப்போது யோசிக்காமலே கை தானாகச் செய்கிறது.

நண்பர் வீட்டில் அதே சாட்டிலைட்டை ரொட்டேட்டர் மிகச் சரியாகக் குறிபார்த்தது. ஆனால் அவருடைய யாகிகள் கிடைமட்டமாக இறுக்கப்பட்டவை. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். ஒன்றுக்கொன்று குறுக்கே இரண்டு யாகி போட்டால் வட்ட முனைவாக்கம் கிடைக்கும், அலை எந்தக் கிடையில் வந்தாலும் பிடிக்கும். அதில் இழப்பு 3 டெசிபெல், அதாவது பாதி, அதோடு நின்றுவிடும். அதற்குக் கம்பிகள் இரட்டிப்பு, எடையும் கூடுகிறது. நேர் தலைக்கு மேலே போகும் பாஸில் இன்னொரு தலைவலி: மேல்கீழ் மோட்டாரை 180 டிகிரி வரை சாயும்படி மென்பொருளில் அமைக்காவிட்டால், உச்சியைத் தாண்டும்போது பக்கவாட்டு மோட்டார் அரைச் சுற்று சுற்றியாக வேண்டும், அதற்கு அரை நிமிடம் போய்விடும். நான் பின்னால் சாய்ந்து அப்படியே தாண்டிவிடுகிறேன்.

குறிபார்க்கும் மென்பொருளிலும் இதே கதைதான். கை யாகிக்கு ஃபோனில் ஹெவன்ஸ்-அபவ் அல்லது லுக்4சாட் போதும். எழும் நேரம், எழும் திசை, உச்ச உயரம், மறையும் திசை, அவ்வளவுதான் வேண்டும். ஃபோன் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். மாடித் தளத்தில் இருக்கும் கம்பி அதைக் குழப்பிவிடும். நான் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் திசைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஐஓ-86 என்றால் அதுகூட வேண்டாம். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட்டோடு சேர்ந்து ஏறிய அது பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி சாய்வில் சுற்றுவதால், தூத்துக்குடிக்கு எப்போதும் தெற்கு வானத்தில்தான், மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். ஒன்றேமுக்கால் மணிக்கு ஒருமுறை வரும், ஆனால் ரிப்பீட்டரைத் திறந்து வைத்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

சாட்டிலைட் நெருங்கி வந்து விலகிப் போகும்போது அலைவரிசை நகர்வதுதான் டாப்ளர், அதற்கும் கணினி தேவையில்லை. விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் நமக்கு இறங்கும் அலைவரிசை 437.800 மெகாஹெர்ட்ஸ். கை ரேடியோவில் 437.810-இல் தொடங்கி 437.790 வரை ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக ஐந்து மெமரி போட்டு, பாஸ் நகர நகர ஒவ்வொன்றாக இறங்கினால் சரி. நாம் அனுப்ப, ஏறும் பக்கம் 145.990, அதோடு ரிப்பீட்டரைத் திறக்க 67 ஹெர்ட்ஸ் டோன். அதைத் தொடவே வேண்டாம்.

இனி மோட்டார் பக்க நியாயம். ஜிபிரெடிக்ட் என்ற குறிபார்க்கும் மென்பொருள் இலவசம், ஹாம்லிப் என்ற துணை நிரல் வழியாக ரொட்டேட்டரையும் திருப்பும், ரேடியோ அலைவரிசையையும் நகர்த்தும். ஆர்எஸ்-44 போன்ற, எஸ்எஸ்பியில் (அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் கெட்டுவிடும் முறை) பேசும் சாட்டிலைட்டுக்கு இது பெரிய வசதி. அதில் பாஸ் இருபது நிமிடம் வரை நீளும். யாகியைத் தூக்கிய கை பத்தாவது நிமிடமே கெஞ்சும். நான் முக்காலி வைத்து இரண்டே தடவை முயன்றேன், ஒரு தொடர்பு கிடைத்தது. அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ராத்திரி மூன்று மணிக்கு ஆளில்லாமல் டெலிமெட்ரி (சாட்டிலைட் தன்னைப் பற்றி அனுப்பும் தரவு) பதிவுசெய்ய வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ரொட்டேட்டர் வாங்குங்கள்.

எது வாங்கினாலும் சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். நண்பரின் மடிக்கணினியில் இரண்டு மாதப் பழைய கோப்பு இருந்தது. விண்வெளி நிலையம் இடையிடையே எஞ்சின் இயக்கி உயரத்தைக் கூட்டிக்கொள்ளும். அன்று மோட்டார் வெகு அழகாகத் திரும்பி வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

என் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. ஐப்பசி மழையில் சுவர்க் குறிகள் கரைந்துவிட்டன. இந்த முறை பெயின்ட் டப்பாவோடு மாடியேற வேண்டும்.