கரிசலில் குதிரை மேய்ச்சல்: திறந்த காடா, சுழற்சியா, மழைக்காலக் களமா?

ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் குதிரை பதித்த குளம்புத் தடம், தை பிறப்பதற்குள் சுட்ட செங்கல் போல இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய குழியின் விளிம்பில் கால் பிசகி, எங்கள் மட்டக் குதிரை ஒன்று இரண்டு வாரம் நொண்டியது. உடுமலைப் பக்கம் எட்டு ஏக்கர் கரிசலில் மூன்று குதிரைகளை வெவ்வேறு முறைகளில் மேய்த்துப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இவற்றை ஒப்பிடுகிறேன்.

ஆண்டு முழுவதும் காடு (மேய்ச்சல் நிலம்) முழுவதையும் திறந்துவிடுவதுதான் செலவு குறைந்த முறை. நீர் விரைவாக வடியும் செம்மண் காட்டில் அது ஓரளவு எடுபடும்; கரிசலில் எடுபடாது. மாடு புல்லை நாக்கால் வளைத்து இழுத்து மேயும். குதிரையோ மேல், கீழ் முன்பற்கள் இரண்டாலும் தரையை ஒட்டிக் கத்தரித்துவிடும். தன் லத்தி விழுந்த பகுதியை அது ஒதுக்கியும் விடுவதால், ஒரே காட்டில் ஒருபுறம் மொட்டைத் தரையும் மறுபுறம் தீண்டப்படாமல் முற்றிய புல்லும் இருக்கும். மழை பெய்ததும் முதலில் சேறாவது வேர்ப்பிடிப்பு இழந்த அந்த மொட்டைத் தரைதான். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களி கரிசலில் மிகுதி. ஈரத்தில் மிதிபடும்போது அதன் காற்றறைகள் நசுங்கி, புல்லின் வேர் மூச்சடைத்துப் போகிறது. உப்பிச் சுருங்கும் அதே குணத்தால் கோடையில் மண் ஓரளவு தானாகவே பொலபொலப்பாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அழிந்த புல் அதனால் திரும்பி வராது; அந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொள்கிறது.

காட்டை ஐந்தாகத் தடுத்துச் சுழற்சியில் மேய்ப்பது இதைவிட மேலானது. புல் நான்கு விரல் உயரத்துக்குக் குறையும் முன்பே குதிரைகளை அடுத்த தடுப்புக்கு மாற்றிவிட்டால், அது மூன்று நான்கு வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும். வறண்ட மாதங்களில் அதற்கு இருமடங்கு காலம் விடவேண்டியிருக்கும். கிளுவை வேலி வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் நாங்கள் மின்வேலி நாடாவையே கட்டினோம். இருப்பினும் இந்த முறையும் அடைமழையில் கைவிட்டுவிடுகிறது, ஏனெனில் அப்போது ஐந்து தடுப்புகளுமே ஒரே நேரத்தில் சேறாகின்றன. சுழற்சியை விடாமல் தொடர்ந்தால் ஒரு தடுப்புக்குப் பதிலாக ஐந்தும் பாழாகும்.

ஆகவே மழை மாதங்களுக்கென்று மேட்டில் ஒரு கிராவல் களம் அமைத்து, குதிரைகளை அங்கே நிறுத்தி, தீவனத்தை வெட்டிப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். செலவும் வேலையும் கூடும். லத்தியை நாள்தோறும் அள்ள வேண்டும். களிமேல் நேரடியாகக் கொட்டிய கிராவல் இரண்டே மழையில் புதைந்துவிடும் என்பதால், அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு, கிராவலும் களியும் கலக்காமல் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, அதன்மேல் முக்கால் அடி கனத்துக்குப் பரப்பி, நீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். மணலைக் கலந்தால் களி இளகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். ஜிப்சமும் மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் மட்டுமே பயன் தரும் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

களத்திலிருந்து எப்போது மேய்ச்சலுக்கு விடலாம் என்பதை ஒரு பிடி மண் சொல்லிவிடும். ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும்போது அது விளக்குத் திரி போல நீண்டால் குதிரையை விடக் கூடாது. உருளும்போதே உதிர்ந்தால் விடலாம்.

இனி, எந்தப் புல் என்ற கேள்வி. கொங்குக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில்) பெயர் பெற்ற கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அருமையானது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள், புல்லின் சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் குடலில் சேரவிடாமல் பிணைத்துவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. பல மாதங்கள் அதை மட்டுமே மேயும் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழந்து நொண்டத் தொடங்கும். முக எலும்பும் வீங்கும். கம்பு நேப்பியர் என்ற கலப்பினத் தீவனப் புல்லிலும் இதே குறை உண்டு. எனவே மிதியையும் தாங்கிப் படரும் அருகம்புல்லை அடிப்படையாக வைத்து, களத்தில் வெட்டிப் போடும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரை மசாலை (லூசர்ன் என்ற தீவனப் பயிரை)ச் சேர்ப்பதே பாதுகாப்பு. சூபாபுல் மரத்தின் தழையைப் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிரச் செய்யும். குதிரை மசால் தேங்கும் நீரைத் தாங்காது என்பதால், அதற்கு மட்டும் களத்தை ஒட்டிய மேட்டில் பாத்தியை உயர்த்திக் கட்டியிருக்கிறோம்.