8×42 பைனாகுலர்: சரணாலயத்துல பறவை பாக்குறவங்களுக்கு இதுவே போதும்

பைனாகுலர் வாங்கப்போற எல்லாரும் மொதல்ல கேக்குறது "எத்தன மடங்கு ஜூம்?"னு தான். பக்கத்துல இருக்குற சரணாலயத்துல பறவை பாக்கத்தான் வாங்குறீங்கன்னா அந்தக் கேள்விய விட்டுடுங்க, 8×42 எடுங்க. ரொம்ப நாளா இத மாட்டிக்கிட்டு ஏரிக்கரை, புதர்க்காடு, வாட்ச் டவர்னு சுத்திட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

8ங்கறது எத்தன மடங்கு கிட்ட காட்டும்ங்கறது. 42ங்கறது முன்னாடி இருக்குற லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, அதான் பின்பக்கம் வழியா நம்ம கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு. பைனாகுலர கைநீட்டி தள்ளிப் புடிச்சுப் பாத்தா ரெண்டு வெள்ளப் பொட்டா தெரியும். கடையிலயே இத பாத்துடுங்க, பொட்டு நல்ல வட்டமா இருக்கணும், ஓரம் மங்கலா வெட்டுப்பட்ட மாதிரி இருந்தா உள்ள வெளிச்சத்த திருப்பி விடுற கண்ணாடிக் கட்டி, அதாவது பிரிசம், மட்டமானதுன்னு அர்த்தம். பாக்கெட்ல போடுற 8×25ல இந்த வட்டம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். உச்சி வெயில்ல நம்ம கண்பாப்பாவே சுருங்கிக் கிடக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா பறவைங்க சுறுசுறுப்பா இருக்குறது விடியக்காலையிலயும் பொழுது சாயுறப்பவும் தானே, அப்ப கண்பாப்பா விரிஞ்சிருக்கும், சின்னதுல எல்லாம் இருட்டடிக்கும். 8×42ல பாத்தா கிளைக்குள்ள பதுங்கி உக்காந்திருக்குற வக்காவோட சிவப்புக் கண்ணு வரைக்கும் தெரியுது.

10×42 நல்லாருக்காதான்னா, நல்லாருக்கும், ஆனா பறவைய எவ்ளோ பெருசாக்குதோ அதே அளவு நம்ம கை நடுக்கத்தையும் பெருசாக்கும். தெரியுற பரப்பும் குறையும், பொதுவா 8 மடங்குல 1000 மீட்டர் தூரத்துல 130, 140 மீட்டர் அகலம் தெரியும்னா 10ல 110 கிட்டத்தான் வரும். எதிர்க்கரையில நிக்குற கூழைக்கடாவுக்கு இது பிரச்சனையே இல்ல, புதருக்குள்ள ஒரு எடத்துல நிக்காம தாவுற கதிர்க்குருவிய புடிக்கணும்னாதான் அந்த அகலத்தோட அருமை தெரியும்.

உண்மையான சந்தோஷம் எங்கன்னா, ஒரே மாதிரி தெரியுறதுல வித்தியாசம் புடிபடும் பாருங்க அங்கதான். வெறுங்கண்ணுக்கு எல்லாமே வெள்ளக் கொக்கு. இதுல பாத்தா சின்ன வெள்ளக்கொக்கு சேத்துலேர்ந்து கால தூக்குறப்ப கருப்புக் கால் முடியுற எடத்துல மஞ்சள் விரல் பளிச்சுனு வெளிய வரும், அடுத்த அடி வெச்சதும் திரும்ப சேத்துக்குள்ள போயிடும். நீர்க்காகமும் அப்படித்தான், சின்ன நீர்க்காகத்துக்கு அலகு கட்டை, கண்ணு கருப்பு, கொண்டை நீர்க்காகத்துக்கு அலகு நீளமா ஒல்லியா இருக்கும், கண்ணு பச்சையும் நீலமும் கலந்த நிறம். அந்தக் கண்ண ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அப்புறம் நீர்க்காகத்த வெறும் கருப்புப் பறவைன்னு சொல்ல வாய் வராது.

பறவைக்கு மட்டும்தான்னு இல்ல. 2 மீட்டர் வரைக்கும் கிட்ட ஃபோகஸ் ஆகுற மாடலா பாத்து வாங்குங்க, இத நிறைய பேர் விசாரிக்கறதே இல்ல. மத்தியானம் பறவைங்க அடங்குன நேரத்துல கோரைப்புல்லு நுனியில ஒரு தும்பி வந்து உக்காந்துச்சுன்னா, றெக்கையில ஓடுற நரம்பு, நுனிக்கிட்ட இருக்குற அந்தச் சின்ன அடர்த்தியான புள்ளி எல்லாம் எண்ணிப் பாக்குற மாதிரி தெரியும். உடும்பு வெயில் காயுறத தூரத்துலேர்ந்து எவ்ளோ நேரம் வேணா பாக்கலாம், கிட்டப் போனாத்தான் அது ஓடிடும்.

குறையும் இருக்கு. பளிச்சுனு வெளுத்த வானத்துக்கு எதிர பட்ட மரத்துல உக்காந்திருக்குற நீர்க்காகத்த பாத்தா ஓரத்துல லேசா ஊதா கலர் கசியுது. இ.டி. கண்ணாடி, அதாவது இப்படி நிறம் பிரிஞ்சு கசியறத குறைக்குற ஸ்பெஷல் லென்ஸ் போட்ட மாடல்ல இது கம்மியா இருக்கும், பட்ஜெட் இடம் குடுத்தா அதுக்குப் போங்க. கூட குடுத்த ஸ்ட்ராப் மெலிசு, 700 கிராம் கிட்ட வெயிட்டு, ரெண்டு மணி நேரத்துல கழுத்து புடிச்சுக்கும். ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி ஹார்னஸ் தனியா வாங்கிட்டேன், அதுக்கப்புறம் வெயிட்டே தெரியல. உள்ள நைட்ரஜன் நிரப்பினதுங்கறதால பனிக்காலக் காலையிலயும் உள்பக்கம் மூடுபனி படியல, இது நான் ரொம்ப மெச்சுற விஷயம்.

மூக்குக்கண்ணாடி போடுறவங்க ஐ ரிலீஃப், அதாவது பின்பக்க லென்ஸ்லேர்ந்து கண்ணு எவ்ளோ தள்ளி இருந்தாலும் முழுக்காட்சி தெரியும்ங்கற தூரம், 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா சுத்தி கருப்பு வளையமாத்தான் தெரியும், கண்ணு வைக்கிற எடத்துல இருக்குற ரப்பர் ஐகப்பையும் உள்ள தள்ளி வெச்சுக்கோங்க. அப்புறம் வாங்குன அன்னைக்கே டயாப்டர், அதாவது ரெண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்த சரிக்கட்டுறத, செட் பண்ணிடுங்க. நிறைய மாடல்ல வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும். வலது கண்ண மூடி நடுச் சக்கரத்தால இடது கண்ணுக்கு ஃபோகஸ் பண்ணுங்க, அடுத்து இடது கண்ண மூடி, சக்கரத்த தொடாம, அந்த வளையத்த மட்டும் திருப்பி வலது கண்ணுக்கு சரி பண்ணுங்க. இத செய்யாம தலைவலிக்குது, பைனாகுலர் சரியில்லன்னு திருப்பி அனுப்புறவங்க நிறைய பேர். பறவைய தேடுறப்பவும் கண்ண பறவை மேலேர்ந்து எடுக்காம பைனாகுலர கண்ணுக்குக் கொண்டு வாங்க, குனிஞ்சு பைனாகுலர பாத்துட்டு நிமிர்ந்தா பறவை எங்கன்னே தெரியாது.

இன்னொன்னு முக்கியமா சொல்லணும். கூடு கட்டுற சீசன்ல போட்டோவுக்காக மரத்துக்கடியில போய் நிக்கறத பாக்கறப்ப மனசு கொதிக்குது. தாய்ப்பறவை பயந்து எழுந்து போச்சுன்னா அந்த நேரத்துல காக்கா முட்டைய தூக்கிட்டுப் போயிடும், குஞ்சு வெயில்ல வாடும். கையில நல்ல பைனாகுலர் இருந்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே குஞ்சுக்கு இரை ஊட்டுறத முழுசா பாக்கலாம், நான் இத சிபாரிசு பண்றதுக்கு முதல் காரணமே அதுதான்.

10லேர்ந்து 30, 50ன்னு ஜூம் போட்டு விக்குறத மட்டும் வாங்காதீங்க, இருட்டா, ஆடிக்கிட்டே, குழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்கும். காட்ட முழுக்க நடந்து திரியுற ஆளுக்கு வெயிட்டு ஒத்துவராதுன்னா 8×32 பாருங்க, வெளிச்சம் கொஞ்சம் கம்மி, தூக்கறது சுலபம். மத்த எல்லாருக்கும் 8×42, அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், அந்த அரை ஸ்டார் ஸ்ட்ராப்புக்கும் ஊதா ஓரத்துக்கும் கழிச்சது.