ஜெர்மனி அறைக்கு 8,400 ரிங்கிட் கட்டினோம், அறையே இல்லை

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் இதைப் படியுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தொடங்கிவிடுவேன்.

என் தம்பிக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலை ஒன்றில் தொழிற்பயிற்சி கிடைத்தது. அவனே விண்ணப்பித்து வாங்கியது அது. விசாவும் வந்துவிட்டது. தங்க இடம் ஒன்றுதான் பாக்கி. நம் பட்டணத்துக் கடைவீதி மாடியில் 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை' என்று பலகை மாட்டிய ஓர் அலுவலகத்துக்குப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் அப்பாவைப் பார்த்து, "ஐயா எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். அப்பா சொன்னார். "எங்கள் தாத்தாவும் அங்கேதான் பால்மரம் வெட்டினார், ஐயா" என்றான். அவ்வளவுதான், அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. 1960-இல் துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர்களின் பிள்ளை அவர். தோட்டத்து ஆள் தோட்டத்து ஆளை ஏமாற்ற மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவன் விலைக்கு எடுத்துக்கொண்டான்.

மாணவர் விடுதி அறையின் படங்களைக் காட்டினான். கட்டில், மேசை, சன்னலுக்கு வெளியே டிராம் பாதை. "ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது அக்கா, சட்டம் இருக்கிறது. நாமும் அதற்கு மேல் ஒரு காசு வாங்க மாட்டோம்" என்றான். சட்டம் உண்மைதான், தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லித்தான் பொய்யை விற்றிருக்கிறான். முன்பணம், முதல் மாத வாடகை, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8,400 ரிங்கிட். நிறுவனக் கணக்கில் போட்டால் தாமதமாகும் என்று ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கு எண்ணைத் தந்தான். முத்திரை குத்திய ரசீதும் தந்தான். அப்பாவின் சேமநிதிப் பணம், 8,400 ரிங்கிட்.

தம்பி பெட்டியோடு விடுதி வாசலில் போய் நின்றான். கட்டடம் இருக்கிறது, அறை எண்ணும் இருக்கிறது. அந்த அறையில் வேறொரு மாணவர் குடியிருக்கிறார். அங்கெல்லாம் இத்தகைய விடுதிகளை நடத்துவது ஸ்டுடீரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு. அங்குள்ள கல்லூரியில் பதிவு செய்த மாணவர்களுக்குத்தான் பொதுவாக அறை தருவார்கள். தொழிற்பயிற்சிக்கு மட்டும் போனவனுக்கு அந்த அறை கிடைக்க வழியே இல்லையாம்!

இடம் இல்லாததோடு தொல்லை தீரவில்லை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. பதிந்த பிறகுதான் வரி எண் வரும், சம்பளக் கணக்குக்கு அது தேவை. பயிற்சியின் முதல் நாளே பையன் வேலையைக் கவனிப்பானா, முகவரி தேடி அலைவானா? உடன் வேலை செய்யும் ஒருவர் இரக்கப்பட்டுத் தம் வீட்டில் தற்காலிகமாக இடம் கொடுத்திருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இங்கே அந்த அலுவலகத்தின் பதில்களைக் கேளுங்கள். முதலில், "அங்கே இப்போது இரவு, அக்கா." பிறகு, "ஐரோப்பாவில் விடுமுறைக் காலம்." பிறகு, "தம்பி தாமதமாகப் போனதால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்." சொன்ன தேதியில்தான் போனான் என்று விமான டிக்கெட்டைக் காட்டினேன். உடனே, "படிவத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறதே" என்றான். நேற்று நேரில் போனபோது, முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்றாள் அங்கிருந்த பெண். உள்ளறையில் அவன் குரல் கேட்டது. அப்பாவை "ஐயா, ஐயா" என்று குழைந்த அதே குரல்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சொந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணை அழையுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். அறை வேண்டுமா, விடுதிக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

எங்கள் 8,400 ரிங்கிட்டுக்கு நான் மனுப் போடப் போகிறேன். கடைவீதி மாடியில் இதேபோல் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதைத் தூக்கி எறியாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.