கிணற்றடியில் ஒரு சிறு நிறமாலைமானி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஒளி நுழையும் பிளவும், அதை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியும், உணரியும் 5 கிராம் எடைக்குள் அடங்கிய சிறு நிறமாலைமானி ஒன்றை, யாழ்ப்பாணத்திலுள்ள எமது ஆய்வுகூடத்தில் மேசைக் கருவிக்குத் துணையாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். 340 முதல் 850 நனோமீற்றர் வரை அளக்கும் அது, மடிக்கணினியிலிருந்தே மின்னைப் பெறுவதால் மின்வெட்டிலும் இயங்குகிறது.

அதன் பெறுமதியை வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில்தான் உணர்ந்தேன். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை கிடப்பதால், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளையிலுள்ள நைத்திரேற்று எளிதில் நிலத்தடி நீரைச் சென்றடைகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்திச் சோதனைப்பொருள்களைச் சேர்த்தால் தோன்றும் செவ்விளநிறம், 540 நனோமீற்றரை அண்டி அகலமாக ஒளியை உறிஞ்சுகிறது. இவ்வளவு அகன்ற உச்சிக்கு, அடுத்தடுத்த அலைநீளங்களைப் பிரித்தறிய இக்கருவிக்குள்ள 15 நனோமீற்றர் பிரிதிறன் தாராளம். கிணற்றுக்கட்டில் வைத்து எடுத்த அளவீடுகள் மேசைக் கருவியுடன் நன்றாகவே ஒத்துப்போகின்றன. தன் கிணற்று நீரின் நிலையைத் தோட்டக்காரர் அவ்விடத்திலேயே அறிந்துகொள்கிறார்.

இலைச் சாற்றில் நிலைமை வேறு. 80 வீத அசெற்றோனில் கரைந்த பச்சையத்தின் உச்சி 663 நனோமீற்றரில் கூர்மையாக நிற்பதால், பரந்த பட்டையாகப் பார்க்கும் இக்கருவியில் அது மழுங்கிவிடுகிறது. 645 இல் எடுக்கும் பெறுமானமோ, பக்கத்து உச்சியின் சரிவையும் உள்வாங்கிச் சற்று உயர்கிறது. ஆகவே இவ்விரு அளவீடுகளிலிருந்து பச்சையத்தின் இரு வகைகளையும் கணிக்க ஆர்னன் 1949 இல் தந்த சமன்பாடுகளை அப்படியே இட்டால், பச்சையம் ஏ குறைந்தும் பச்சையம் பி கூடியும் வருகின்றன. செடியின் நலத்தையே அவ்விரண்டின் விகிதத்தைக்கொண்டு கணிக்கும் மாணவருக்கு இது சிறிய பிழையன்று. மரபணுப்பொருளை அளக்கும் 260 நனோமீற்றரோ இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சித்திரை வெயிலில் உணரியின் இருள் மின்னோட்டம், அதாவது ஒளியே படாதபோதும் அதில் ஓடும் மின்னோட்டம், ஏறுகிறது. ஒளியை மறைத்து ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னர் இருளை அளந்து கழித்தால் அடிக்கோடு நிலைத்து நிற்கும்.

அடுத்த படியாக, ஒளியை மின்னணுச் சில்லுக்குள்ளேயே அலைவழிகள் எனும் நுண்ணிய ஒளிப்பாதைகளில் செலுத்தும் கருவிகள் வருகின்றன. சிலிக்கன் கட்புல ஒளியை உறிஞ்சிவிடுவதால், அந்த ஒளிக்குச் சிலிக்கன் நைத்திரைட்டு அலைவழிகளே பொருந்தும். அலைவழிக்கு வெளியே சில நூறு நனோமீற்றருக்குள்ளேயே தேய்ந்துவிடும் ஒளியைக்கொண்டு, மேற்பரப்பில் ஒட்டும் புரதத்தை அறியலாம். ஆனால் பாசியொன்று எல்லாத் திசைகளிலும் உமிழும் மெல்லிய ஒளிர்வை அத்தகைய நுண்ணிய வழிக்குள் திரட்டுவது கடினம். அவ்வகை வேலைக்கு நான் இன்னும் பெரிய வில்லைகளுள்ள மேசைக் கருவியையே தெரிவுசெய்கிறேன்.