ஊட்டியில் ஒரு 24 லிட்டர் கம்ப்ரெசர்: டியூப்லெஸ் சைக்கிள் டயருக்காக

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் 22, 24 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்றைக் குறைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் கல்பாதைகளில் பிடிமானத்தோடு போகலாம். முள் குத்தினாலும் உள்ளிருக்கும் சீலன்ட் என்னும் திரவம் துளையை அடைத்துவிடும். சிரமமெல்லாம் புது டயரை ரிம்மில் உட்கார வைக்கும் அந்தச் சில நொடிகளில்தான். அதற்காகவே சென்ற ஆண்டு கோவையிலிருந்து 24 லிட்டர் டேங்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் கொண்ட, ஆயில் ஊற்றத் தேவையில்லாத கம்ப்ரெசரை வாங்கி வந்தேன்.

அதற்கு முன் பேட்டரியில் ஓடும் கையடக்கக் காற்றடிப்பானை நம்பினேன். பெட்டியின் மேல் 150 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தும் என் 29 அங்குல டயர் அசையவே இல்லை. புது டயரின் விளிம்பு ரிம்மை ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். அந்த இடைவெளியில் வெளியேறும் காற்றைவிட வேகமாக உள்ளே காற்று பாய்ந்தால்தான் விளிம்பு வெளிப்பக்கம் தள்ளப்பட்டுப் பொருந்தும். சேர்த்துவைத்த காற்றை ஒரே மூச்சில் விடுவதற்குத்தான் டேங்க் வேண்டியிருக்கிறது. ஆகவே வாங்குபவர்கள் அதிகபட்ச அழுத்தத்தைவிட டேங்கின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும்.

சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வின் நடுவிலுள்ள, காற்றைத் திறந்து மூடும் வால்வு கோரைக் கழற்றிவிட்டால் காற்றுக்கு வழி அகலமாகும். ஆனால் கடைகளில் கிடைக்கும் பித்தளை அடாப்டர் அந்தக் கோரின் மரையில்தான் மாட்டும் என்பதால், ரப்பர் முனையுள்ள காற்றுத் துப்பாக்கியை வால்வின் வாயில் நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும். விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டாமல் வைத்து விசையை அழுத்தினால், நுரை ரிம்மைச் சுற்றிப் பொங்கி, ‘டப், டப்’ என்று இரண்டு முறை வெடித்தாற்போல் சத்தம் கேட்கும். பிறகு துப்பாக்கியை எடுத்ததும் காற்று முழுவதும் போனாலும், பொருந்திய விளிம்பு பெரும்பாலும் நகர்வதில்லை. வால்வு வழியே சீலன்டை ஊற்றி, கோரை மாட்டி, மறுபடி காற்றடித்தால் வேலை முடிந்தது.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பதால், டேங்க் நிரம்ப இங்கே கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஈரம். பனிமூட்டமான நாள்களில் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் பழுப்பு நிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் வடித்துவிடாவிட்டால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்து, நாளடைவில் ஆபத்தாகவே முடியும். மாலையில் வோல்டேஜ் குறையும்போது மோட்டார் உறுமுமே தவிரச் சுழலாது. அதனால் காலையிலேயே டேங்கை நிரப்பி வைத்துவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம், அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் ஓட்ட மனம் வராது. இதன் அழுத்தமானி என் தனி மானியைவிட நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுகிறது, 60 பி.எஸ்.ஐ.யில் ஓடும் டயருக்கு அது பொருட்டில்லை, 22-இல் ஓடும் டயருக்குப் பெரிய வித்தியாசம். ஒருமுறை அரை நாள் முழுவதும் டேங்க் டேங்காகக் காற்றை விட்டும் டயர் பொருந்தவில்லை. கழற்றிப் பார்த்தபோது, ஒரு ஸ்போக் துளையின் மேல், காற்று கசியாமல் அதை மூடும் ரிம் டேப் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. டேப்பை உரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாக ஒட்டியபின், முதல் அழுத்தத்திலேயே டயர் உட்கார்ந்தது.